இரண்டு கேஜ், இரண்டு எண்: சைக்கிள் டயரில் எதை நம்புவது?

ஜூன் 4, கேள்வி

"பம்ப்போடு வந்த காற்றழுத்த கேஜ் 80 பிஎஸ்ஐ என்கிறது. தனியாக வாங்கிய டிஜிட்டல் கேஜ் 73 என்கிறது. இரண்டுமே புதுசு. டயர் 28 மி.மீ. பருமன், பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வு. எது சரி? மூன்றாவதாக ஒன்று வாங்கி ஒப்பிட்டால் தெரிந்துவிடுமா? நம்பகமான ஒன்றைச் சொல்லுங்கள்."

ஜூன் 4, இரவு

மூன்றாவது வாங்கினால் மூன்றாவது எண் கிடைக்கும். அனுபவத்தில் சொல்கிறேன். என் மேஜை இழுப்பறையில் ஐந்து கேஜ் கிடக்கின்றன. ஒரே டயரில் ஐந்தும் ஒரே எண்ணைச் சொன்ன நாள் இன்னும் வரவில்லை.

அவசரத்துக்கு ஒரு பதில்: பம்ப் கேஜைத் தூக்கிப் போடுங்கள், கையில் பிடிக்கிறதை நம்புங்கள். விளக்கம் நாளைக்கு.

ஜூன் 5

நேற்று எழுதியதை இன்று காலை படித்துப் பார்த்தால் பாதி தப்பு. பம்ப் கேஜ் பொய் சொல்கிறது என்றேன். பல சமயம் அது உண்மையைத்தான் சொல்கிறது. நாம் கேட்ட கேள்விக்கான உண்மை இல்லை, அவ்வளவுதான்.

பிரெஸ்டா வால்வில் ஸ்பிரிங் கிடையாது. டியூபுக்குள் இருக்கும் காற்றே ஊசியை மேலே தள்ளி அடைத்து வைக்கிறது. பம்ப் தலையை மாட்டினால் பெரும்பாலும் அந்த ஊசி அமுங்காது. ஆகவே மாட்டியவுடன் கேஜ் பூஜ்யத்தில் நிற்கும். டயர் கல் மாதிரி இருக்கும், முள் அசையாது. ஒரு முறை அடித்ததும்தான் வால்வு திறந்து, ஓஸ் குழாயில் இருக்கும் அழுத்தமும் டியூபின் அழுத்தமும் சமமாகின்றன. முள் துள்ளி மேலே போய் கொஞ்சம் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த நின்ற இடம்தான் கணக்கு. துள்ளிய உச்சத்தைப் படித்தால் 10, 15 அதிகம் வரும்.

அதன் பிறகு இரண்டு நிமிடம் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால் கேஜ் காட்டுவது ஓஸ் குழாயின் அழுத்தம் மட்டும். பம்ப் ஓரத்தில் மெல்லக் கசிந்தால் முள் இறங்கும், டியூப் அப்படியே இருக்கும். "டயர் காற்று இறங்குகிறது" என்று பயந்து நான் நல்ல டியூப் ஒன்றை மாற்றியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

கழற்றும்போது "புஸ்" என்று வருகிறதே, அதுவும் ஓஸ் காற்றுதான். காற்று வீணாகிறதே என்று மின்னல் வேகத்தில் கழற்றப் போய் வால்வு ஊசியை வளைத்தவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

ஜூன் 5, பிறகு

கார் வகை வால்வு, அதாவது ஷ்ரேடர் உள்ளவர்களுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அதில் பம்ப் தலை நடு ஊசியை அமுக்கிவிடும். மாட்டிய நிமிடமே டியூபின் அழுத்தம் கேஜுக்கு வந்துவிடும். ஆனால் அங்கே கழற்றும்போது உண்மையிலேயே கொஞ்சம் டியூப் காற்று போகும்.

ஜூன் 6

ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் சைக்கிளில் பழைய வால்டியூப் வால்வு. எந்த கேஜ் வாங்க?"

எதுவும் வாங்காதீர்கள். அந்த வால்வில் சின்ன ரப்பர் உறை உள்ளே போகும் காற்றை விடும், வெளியே வர விடாது. வெளியே வராத காற்றை வெளியிலிருந்து எப்படி அளப்பது? அடிக்கும்போது பம்ப் காட்டுவது டியூபின் அழுத்தமும் ரப்பரை விலக்கத் தேவையான அழுத்தமும் சேர்ந்த தொகை. ரப்பர் புதிதாக இறுக்கமாக இருந்தால் தொகை இன்னும் ஏறும். அளந்தே தீர வேண்டும் என்றால் டியூபையே ஷ்ரேடர் வால்வு உள்ளதாக மாற்றுவதுதான் வழி, ரிம் ஓட்டை ஏறக்குறைய அதே அளவுதான். இல்லையென்றால் கட்டைவிரல்.

கட்டைவிரல் என்றதும் ஞாபகம் வந்தது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூன் 7

கட்டைவிரல் புராணம்.

பல வருடம் அமுக்கிப் பார்த்தே ஓட்டினேன். கேஜ் எல்லாம் பணம் செலவழிக்கத் தெரியாதவர்களுக்கு என்று பேசியும் திரிந்தேன். பிறகு ஒரு நாள் 25 மி.மீ. டயரை அமுக்கி "சரியாக 90" என்று பந்தயம் கட்டினேன். 62 இருந்தது. அதே கையோடு 50 மி.மீ. டயரை அமுக்கி "40" என்றேன். 24.

காரணம் இது. விரல் உணர்வது காற்றின் அழுத்தத்தை அல்ல, டயர் துணி எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை. அந்த விறைப்பு அழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கினால் வருவது. 25 மி.மீ. டயரில் 80 இருந்தாலும் 50 மி.மீ. டயரில் 40 இருந்தாலும் துணியின் இழுப்பு ஒன்றுதான். மெல்லிய டயரில் பழகிய விரல் பருமனான டயரை அமுக்கினால் அதில் நிறையக் காற்று இருப்பதாகவே நினைக்கும். ஒரே டயரை வருடக்கணக்கில் அமுக்குகிறவர் விரல் ஓரளவு தேறும். சைக்கிளை மாற்றினால் முதலிலிருந்து பாடம்.

ஜூன் 8

மூலக் கேள்விக்குத் திரும்புகிறேன். 80ம் 73ம்.

முதலில், எப்படி ஒப்பிட்டீர்கள்? பம்ப்பில் அடித்து, கழற்றி, டிஜிட்டலை வைத்தீர்கள் என்றால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் கொஞ்சம் காற்று போயிருக்கும். 25 மி.மீ. டியூபுக்குள் இருக்கும் இடமே ஒரு லிட்டர்தான், உங்கள் 28ல் அதைவிடச் சற்று அதிகம். இவ்வளவு சின்ன டயரில் ஒவ்வொரு "புஸ்"ஸும் எண்ணில் தெரியும். பருமனான டயரில் தெரியாது.

கையில் பிடிக்கும் இரண்டு கேஜை ஒப்பிட நான் செய்வது: அ, ஆ, அ, ஆ என்று மாற்றி மாற்றி நான்கு முறை. போன வாரம் எனக்கு வந்தது 82, 79, 80, 77. முதல் இரண்டை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 3. ஆனால் அ இரண்டாம் தடவை 80 என்கிறதே, அப்படியென்றால் ஒவ்வொரு அளவுக்கும் 1 போயிருக்கிறது. ஆ அளந்த நேரத்தில் அ அளந்திருந்தால் 81 சொல்லியிருக்கும். உண்மை வித்தியாசம் 2. மீதி ஒன்று நம் கைக் கோளாறு.

ஜூன் 8, பிற்பகல்

இப்போது முக்கியமான விஷயம். இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

முள் கேஜ்களில் "பிழை 3 சதவீதம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் முழு அளவின் 3 சதவீதம். நீங்கள் படிக்கும் எண்ணின் 3 சதவீதம் அல்ல. 160 வரை போகும் கேஜில் அது 4.8 பிஎஸ்ஐ. 100ல் ஓட்டுகிறவருக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. 25ல் ஓட்டும் மலைச் சைக்கிள்காரருக்கு? ஐந்தில் ஒரு பங்கு பிழை. அவர் 20ஆ 30ஆ என்று தெரியாமலேயே கல்லிலும் வேரிலும் இறங்குகிறார்.

அதே 3 சதவீதம், 60 வரை மட்டும் போகும் கேஜில் 1.8தான். விலை உயர்ந்த 160 கேஜைவிட சாதாரண 60 கேஜ் அவருக்கு மேல். ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முகத்தில் எழுதியிருக்கும் கடைசி எண். நீங்கள் ஓட்டும் அழுத்தம் அதில் பாதிக்குப் பக்கத்தில் வர வேண்டும். முள் கேஜ்கள் பொதுவாக நடுப் பகுதியில்தான் நன்றாக அளக்கும், இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் தடுமாறும். பல கேஜ்களின் தர விதியே நடுவுக்கு 2, ஓரங்களுக்கு 3 சதவீதம் என்றுதான் இருக்கிறது.

பம்ப்போடு வரும் கேஜ் 160, 200, 220 வரை போவதன் அர்த்தம் அதில் எல்லா வாடிக்கையாளரும் அடங்க வேண்டும் என்பது. உங்கள் 28 மி.மீ. டயருக்கு 100 அல்லது 160 வரை போகும் கேஜ் போதும்.

ஜூன் 9

முள் கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். பித்தளையில் செய்த தட்டையான குழாய், வளைந்து ஒரு பக்கம் மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். குழந்தைகள் ஊதினால் சுருள் விரியுமே, அந்தக் காகிதப் பீப்பி மாதிரி. அந்தத் துளி அசைவைப் பல் சக்கரம் பெரிதாக்கி முள்ளைச் சுற்றுகிறது. யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார், நீராவி இயந்திரங்களுக்காக. டன்லப்பின் காற்று டயர் 1888ல்தான் வந்தது. டன்லப் டயர் பிறப்பதற்கு முன்பே அதை அளக்கும் கருவி பிறந்துவிட்டது.

பேட்டரி வேண்டாம், பல் சக்கரம் உண்டு. ஆகவே கீழே போட்டால் போச்சு. போட்டதும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். சில கேஜ்களில் பூஜ்யத்தில் சின்ன ஆணி நின்று முள்ளைத் தடுக்கும். அது ஒரு சாமர்த்தியம். முள் மைனஸ் 4ல் நிற்க வேண்டியிருந்தாலும் ஆணியில் சாய்ந்துகொண்டு பூஜ்யம் என்று நடிக்கும். ஆணி இல்லாததை வாங்குங்கள்.

படிப்பதற்கு முன் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டவும். உராய்வில் சிக்கிய முள் ஒன்றிரண்டு நகரும்.

ஜூன் 9, இரவு

பேனா வடிவக் குச்சி கேஜை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் பிஸ்டனும். உடையாது, பையில் கிடக்கும். ஆனால் கார் வால்வுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தும், கோடுகள் நெருக்கமாக இருக்கும், மண் போனால் குச்சி பாதியில் நிற்கும். கண்ணாடி போட்ட பிறகு எனக்கு அதன் எண்கள் தெரிவதில்லை. அத்தோடு விட்டேன்.

ஜூன் 11

டிஜிட்டல் பற்றி ஒரு எச்சரிக்கை. 73.5 என்று தசமத்தோடு காட்டுவதால் அது 0.5 வரை சரி என்று அர்த்தமில்லை. அரை பிஎஸ்ஐ வித்தியாசத்தை அதனால் காட்ட முடியும், அவ்வளவே. மொத்தமாக 3 தள்ளி நின்றுகொண்டும் அழகாகத் தசமம் காட்டலாம். திரையில் எண் தெளிவாகத் தெரிந்தால் மனசு நம்பிவிடுகிறது. என் மனசும்தான்.

ஆனால் டிஜிட்டலில் எனக்குப் பிடித்த ஒன்று, திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே எண்ணைச் சொல்லும். என் ஐந்தில் மாறாமல் சொல்வது அதுதான். உண்மையான எண்ணா என்பது வேறு கேள்வி, ஒரே எண் என்பதுதான் அன்றாடத்துக்கு வேண்டியது. அந்த கேஜில் 68 வைத்தால் என் சைக்கிள் நன்றாக ஓடுகிறது. அந்த 68 உண்மையில் 65 என்றால் என்ன குறைந்துவிட்டது?

ஜூன் 12

மேலே கடைசி வரியைப் படித்துவிட்டு ஒருவர் திட்டியிருக்கிறார். திட்டு நியாயம். ஹூக்லெஸ் ரிம், அதாவது ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ரிம் போட்டவருக்கு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, தாண்டக்கூடாத கோடு. டயரிலோ ரிம்மிலோ அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கோடு. கேஜ் 4 குறைத்துக் காட்டினால் அவர் 72 என்று நினைத்து 76 அடித்திருப்பார், டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் நம் "மாறாத பொய்" அவருக்கு உதவாது. கோட்டுக்கு அருகில் ஓட்டுகிறவர் உண்மை எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கேஜின் பிழை அளவுக்காவது கோட்டை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டாவது சுலபம்.

ஜூன் 14

உண்மை எண்ணை வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு கிறுக்கு யோசனை. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நிற்கும் பம்ப்பின் கைப்பிடியில் என் முழு எடையையும் மெதுவாக, குதிக்காமல், இறக்குகிறேன். பிஸ்டனின் பரப்பால் என் எடையை வகுத்தால் வருவதுதான் நான் தரக்கூடிய அதிகபட்ச அழுத்தம். உராய்வு அதில் கொஞ்சம் தின்னும், கூட்டாது. ஆகவே கேஜ் அதைவிட அதிகம் காட்டினால் கேஜ் நிச்சயம் கூட்டிச் சொல்கிறது.

என் எடை 64 கிலோ. பம்ப் குழாய் உள் விட்டம் 32 மி.மீ., பரப்பு 8.04 சதுர செ.மீ. வகுத்தால் 7.96, பிஎஸ்ஐயில் 113. 130 வரை தாங்கும் பழைய ரோடு டயரில் செய்தேன். இனிமேல் கைப்பிடி இறங்காது என்ற நிலையில் கேஜ் 121. குறைந்தது 8 கூடுதல்! முதல் நாள் சொன்னேனே, பம்ப் கேஜைத் தூக்கிப் போடுங்கள் என்று.

ஜூன் 15

"உள் விட்டத்தை எப்படி அளந்தீர்கள்?" என்று ஒருவர் ஒரே வரியில் கேட்டார்.

வெளியே ஸ்கேல் வைத்து 35, தகடு ஒன்றரை ஒன்றரை இருக்கும் என்று கழித்தேன். இன்று மூடியைத் திருகிக் கழற்றி வெர்னியர் வைத்தேன். 31.4. பரப்பு 7.74. வகுத்தால் 117.5.

8 கூடுதல் என்றது மூன்றரையாகிவிட்டது. விட்டத்தில் 0.6 மி.மீ.தான், அதற்குள் இத்தனை. பம்ப்பிடம் மன்னிப்பு கேட்கிறேன், அந்த ஒற்றை வரிக்காரருக்கு நன்றி.

ஜூன் 18

வேறொரு குழப்பம். தினம் மாலை அளந்தால் 86, மறுநாள் காலை 80. ராத்திரியில் 6 இறங்குகிறதா? அப்படியானால் மாலைக்குள் யார் ஏற்றியது? சைக்கிள் பகல் முழுக்க வெயிலில் நிற்கிறது. 27 டிகிரியில் 80 இருக்கும் டயர் 50 டிகிரிக்குச் சூடானால் 87 ஆகும். கேஜ் மேல் பழி போட்டு ஒரு வாரம் போனது. காலையில், நிழலில், ஓட்டுவதற்கு முன், ஒரே நேரத்தில் அளப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மலை ஏறுகிறவர்களுக்கு: கடல் மட்டத்தில் அடித்ததை 2,000 மீட்டர் உயரத்தில் அளந்தால் சுமார் 3 கூடும். வெளிக்காற்று லேசாவதால். அங்கே குளிராக இருந்தால் அந்த 3ஐ குளிர் எடுத்துக்கொள்ளும்.

ஜூன் 19

டியூப்லெஸ்காரர்களுக்கு ஒரு வரி: வால்வு கீழே இருக்கும்போது கேஜை வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் கேஜுக்குள் போய் உறையும். என் மூன்றாவது கேஜ் அப்படித்தான் செத்தது.

ஜூன் 20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்தார். மாற்றி மாற்றி அளந்து பார்த்தாராம். டிஜிட்டல் நான்கு தடவையும் அரைக்குள் அதே எண், பம்ப் முள்ளைத் துள்ளி முடிந்த பிறகு படித்தால் 76. ஆக 7 என்றது 3. "அப்போது எதை வைத்துக்கொள்ள?"

டிஜிட்டலை. தினமும் அதே கேஜ், அதே நேரம். பம்ப் முள் தோராயத்துக்கு. பம்ப்பில் மூன்று நான்கு அதிகமாக அடித்துவிட்டு, டிஜிட்டலில் காற்று விடும் பொத்தான் இருந்தால் அதை அமுக்கி இறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றுவதைவிட இறக்கிச் சரிசெய்வது சுலபம். பொத்தான் இல்லாத கேஜை நான் இனி வாங்க மாட்டேன். வாங்கவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருப்பது வேறு.

ஜூன் 27

என் நல்ல முள் கேஜ் இன்று கை தவறிக் கீழே விழுந்தது. ஆணி இல்லாத கேஜ் என்பதால் நடிக்காமல் 3ல் நிற்கிறது. 20, 40, 60 மூன்றிலும் டிஜிட்டலோடு வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்திலும் அதே 3தான் கூடுதல், நல்லவேளை. முதுகில் டேப் ஒட்டி "3 கழிக்கவும்" என்று எழுதியாயிற்று.

ஜூன் 28

இன்று காலை பார்த்தால் முள் 2ல் நிற்கிறது. டேப்பைக் கிழித்தேன்.